அந்தச் சின்ன ரிவோல்வரை எடுப்பதற்கு முன்

தம்பி,

நேற்றுப் பின்னேரம் ரெலிபோனில் நீ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். "கடைக்காரர் ரெலிபோன் எடுத்தவர் அம்மா. மூண்டு நாள் முடிஞ்சுதாம், வந்து எடுக்கலாமாம். எடுக்கட்டோ?" என்றாய். "அடுப்பில கறி, பேந்து கதைக்கிறன்" என்றேன். அடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை. வாயால் சொன்னால் நீ இடையில் மறிப்பாய், நானும் குரலை உயர்த்துவேன், கடைசியில் இருவரும் வேறு எதையோ பற்றிச் சண்டை பிடித்துக்கொண்டிருப்போம். அதனால் எழுதுகிறேன், முடிந்ததும் இமெயிலில் அனுப்புவேன். நீளமாகத்தான் இருக்கும். கடைசிவரை வாசி. முக்கியமான விஷயம் கடைசியில் இருக்கிறது, ஏனென்றால் அது எனக்கே இன்று காலையில்தான் தெரியவந்தது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்கள் மூன்று பேரும் எல்லை தாண்டி இங்கே என் பியர்பொன்ட்ஸ் வீட்டுக்கு வந்திருந்தீர்கள். நீ சாப்பிட்டுவிட்டு சோபாவில் சாய்ந்திருந்தாய். லியா ஓடிவந்து "பாப்பா, பொன்பொன்!" என்று பிரெஞ்சில் தகப்பனிடம் இனிப்புக் கேட்டபடியே உன் காற்சட்டையின் வலது பொக்கற்றுக்குள் கையை விட்டாள். நடக்கத் தொடங்கிய நாள் முதல் அவள் இனிப்புத் தேடுகிற இடம் அது. நீ அவளுடைய மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாய். இழுத்த வேகத்தில் பிள்ளை அழவும் மறந்து உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு நீயே சிரித்துக்கொண்டு அந்தப் பொக்கற்றில் இருந்து இனிப்பை எடுத்துக் கொடுத்தாய். தாய் மரி குசினிக்குள் இருந்தாள், அவள் காணவில்லை. நான் கண்டேன். உள்ளே இனிப்பு மட்டும் இருக்கிற பொக்கற்றுக்குள் பிள்ளை கை விட்டால் எந்தத் தகப்பனும் அப்படித் துடிக்கமாட்டான். உன் உடம்பு அந்த இடத்தில் வேறொன்றைச் சுமந்து பழகியிருந்தது.

இதை இன்னொரு தாய் கவனித்திருக்கமாட்டாள். ஆனால் உன் தாய் உன்னை வளர்த்த காலம் முழுவதும் வங்கிகளுக்கும் கடைகளுக்கும் காசு ஏற்றி இறக்கும் கவச வண்டியில் காவல் வேலை செய்தவள். இடுப்பில் முப்பத்தெட்டுக் கலிபர் ரிவோல்வர், மேலே குண்டு துளைக்காத அங்கி. கோயிலில் சனங்கள் என்னைக் கண்டு ஒதுங்கிப் போனது உனக்கு நினைவிருக்கும். அந்த வேலையில் எனக்குச் சம்பளம் தந்தது சுடுவதற்கு அல்ல, சந்தேகப்படுவதற்கு. செயின்ட்-மிஷேலில் ஒரு சுப்பர்மார்க்கெற். பாண் அடுக்கியிருக்கிற இடத்தில் ஒரு மனிசன் நிற்பான். நாங்கள் போகிற ஒவ்வொரு கிழமையும் நிற்பான். அவன் பாணைப் பார்ப்பதில்லை, என் சப்பாத்தைப் பார்ப்பான். நான் மேலதிகாரியிடம் சொன்னேன், போகிற நேரத்தையும் வாசலையும் மாற்றினார்கள். அவன் கள்ளனோ, இல்லை சப்பாத்துகளில் ஆசை உள்ளவனோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரியாமல் போனதுதான் நல்லது. துவக்கை உருவாமலே அந்தக் கிழமையும் வீட்டுக்கு வந்து உனக்குப் புட்டு அவித்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குத் திரும்புகிறேன். மரியும் லியாவும் மேலே படுத்திருந்தார்கள். நீ வாசலில் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தாய். நான் பனி தள்ளுகிற இரண்டாவது சவளை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தேன்.

"எப்ப இருந்து வைச்சிருக்கிறாய்?" என்று கேட்டேன்.

"என்னத்தை அம்மா?"

"என்னை வடிவாப் பாத்துச் சொல்லு."

நீ சவளை நிலத்தில் ஊன்றிவிட்டு, மேல்ஜன்னலை ஒருதரம் பார்த்தாய். "வேலையில ஒருத்தன் தந்தவன். பாவிச்சுப் பார் எண்டு. இஞ்ச கொண்டு வரேல்லை, சத்தியமா. அங்க பூட்டி வைச்சிருக்கு."

கொண்டுவரவில்லை என்று நீ சொன்னதை நான் நம்பவில்லை. நீ குளிக்கப் போன நேரம் உன் காருக்குள் முழுக்கத் தேடினேன். லியாவின் இருக்கைக்கு அடியிலும் கை விட்டுப் பார்த்தேன், ஒன்றும் இருக்கவில்லை. எல்லையில் அது பிடிபட்டிருந்தால் உன் வேலையும் போயிருக்கும், வாழ்க்கையும் போயிருக்கும். இரவல் துவக்கைப் பற்றியும் அன்றே சொன்னேன், திரும்பவும் சொல்கிறேன்: அது முன்பு யாருடைய கையில் இருந்தது, என்ன செய்தது என்று உனக்குத் தெரியாது. அப்படிக் கைமாற்றுவது உங்கள் மாநிலத்தில் சட்டப்படி சரிதானா என்றுகூட நீ கேட்டிருக்கவில்லை. அடுத்த நாளே திருப்பிக் கொடுத்தாய். அதற்கு நன்றி. ஆனால் கொடுத்த கையோடு ரெலிபோன் எடுத்து, "எனக்கெண்டு ஒண்டு வாங்கப்போறன் அம்மா. சின்னனா, பாரமில்லாததா. உங்களுக்குத்தானே தெரியும், வந்து பாத்து எடுத்துத் தாங்கோ" என்றாய். கைத்துவக்கு வாங்கச் சட்டம் விடாத இந்த நாட்டில் கேட்கவே முடியாத உதவியை அந்த நாட்டில் இருந்து கேட்டாய். ஏன் என்று கேட்டதற்கு, "காட்டுப் பக்க வீடுகளுக்குத் தனியப் போறன், நாயள் இருக்கு" என்றாய். வீடு வீடாகப் போய் நோயாளிகளுக்குப் புண் கட்டுகிற நேர்ஸ் நாய்க்குப் பயந்தால் பிஸ்கற் கொண்டுபோவான். யாருக்குப் பயந்தாய் என்று கண்டுபிடிக்கத்தான் நான் பஸ் ஏறி உங்கள் பேர்லிங்டனுக்கு வந்தேன். ரிவோல்வர் தெரிந்தெடுப்பது எனக்கு இரண்டாவது வேலையாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை மரியிடம், அம்மாவுக்குக் குளிர்ச்சப்பாத்து வாங்கப் போகிறோம் என்று சொன்னாய். அந்தப் பொய் எனக்குப் பிடிக்காததால் வழியில் இறங்கி உண்மையாகவே சப்பாத்து வாங்கினேன். பிறகு துவக்குக் கடை. கடைக்காரர் பருத்த மனிசர், எல்லாவற்றுக்கும் சிரித்தார். எல்லாவற்றுக்கும் சிரிக்கிறவரை எனக்குப் பிடிப்பதில்லை. கண்ணாடிப் பெட்டியில் இருந்து குட்டை மூக்கு ரிவோல்வர் ஒன்றை எடுத்து உன் உள்ளங்கையில் வைத்தார். அகப்பையைவிடப் பாரம் குறைவு. உன் முகம் மலர்ந்ததைக் கண்டேன். "பொக்கற்றில் இருக்கிறதே மறந்துபோகும்" என்று அவர் ஆங்கிலத்தில் பெருமையாகச் சொன்னார். மறந்துபோகிற துவக்குத்தான் பிள்ளையின் கைக்குப் போகும் என்று நான் உனக்குத் தமிழில் சொன்னேன். என்ன சொல்கிறேன் என்று அவர் கேட்டார். நீ மொழிபெயர்க்கவில்லை.

நான் அவரிடம் கேட்டதையெல்லாம் நீ வெட்கப்பட்டுக்கொண்டு கேட்டுக்கொண்டு நின்றாய், ஆகவே பாதி உன் காதில் ஏறியிருக்காது, திரும்பச் சொல்கிறேன். பின்னால் குண்டைத் தட்டுகிற சுத்தி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதை எடுக்காதே, இழுக்கிற நேரம் பொக்கற்றின் துணியில் மாட்டும். சுத்தி உள்ளே மறைந்திருக்கிறதை எடு. அதில் விசை நீளமாகவும் இறுக்கமாகவும் இருக்கும். கடைக்காரர்கள் அதை ஒரு குறை மாதிரிச் சொல்லிப் பிறகு இளக்கித் தரலாம் என்பார்கள். இளக்க விடாதே, அந்த இறுக்கம்தான் உனக்கு யோசிக்கக் கிடைக்கிற ஒரேயொரு கணம். விசையை முழுதாக மூடுகிற உறை இல்லாமல் பொக்கற்றில் வைக்கக்கூடாது. அந்தப் பொக்கற்றில் வேறொன்றும் இருக்கக்கூடாது, திறப்பும் இல்லை, சில்லறையும் இல்லை, இனிப்பும் இல்லை. ஐந்து குண்டுதான் பிடிக்கும். குழல் உன் சுட்டுவிரல் அளவுகூட வராது, குறி பார்க்கிற இரும்பு பேருக்குத்தான் இருக்கும். கார் நீளத்துக்கு அப்பால் அதை நம்பாதே. சின்னது என்பதால் பழகச் சுகம் என்று நினைக்கிறார்கள், உண்மையில் பழகக் கஷ்டமானது இதுதான்.

இதையெல்லாம் வாயால் சொன்னால் நீ நம்பமாட்டாய் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் கடைக்குப் பின்னால் இருந்த சுடுகளத்தில் வாடகைக்கு எடுத்துச் சுடச் சொன்னேன். முதலில் உனக்குப் பிடித்த அந்த லேசானது. தற்காப்புக்கு விற்கிற பலமான குண்டுகளையே போடச் சொன்னேன், ஏனென்றால் தெருவில் அதைத்தானே போடப்போகிறாய். முதல் வெடியிலேயே உன் கை மேலே பாய்ந்தது. இரண்டாவதற்குக் கண்ணை மூடினாய். மூன்றாவது எங்கே போனதென்று கடதாசியில் அடையாளமே இல்லை. நான்காவது வெடித்தது, ஐந்தாவதற்கு விசை அசையவில்லை. நீ இழுத்து இழுத்துப் பார்த்தாய், குண்டு போடுகிற உருளை சுற்றவில்லை. கடைக்காரர் வாங்கித் திறந்து, கடைசிக் குண்டைக் காட்டினார். துவக்கு லேசு என்பதால் உதைப்பு அதிகம். அந்த உதைப்பில் சுடாத குண்டின் ஈயம் தன் கோதில் இருந்து முன்னுக்கு நழுவி, உருளையை மறித்துக்கொண்டு நின்றது. நீ உன் கையைத் தடவிக்கொண்டு, "இப்பிடியும் நடக்குமோ?" என்றாய். நான் வாய் திறக்க முதல் கடைக்காரரே உருக்கில் செய்த இன்னொன்றை எடுத்துத் தந்தார். வடிவு இல்லை, பொக்கற்றைக் கீழே இழுக்கும், உன் இடுப்புக்கு அது இருப்பது எப்போதும் தெரியும். "நான் வைத்திருப்பது இதுதான்" என்றார். அந்த மனிசரைப் பற்றி நான் நினைத்தது பிழை. உருக்குத் துவக்கில் நீ ஐந்தையும் கடதாசிக்குள் போட்டாய். அதைத் தெரிந்தெடுத்தோம். உங்கள் மாநிலச் சட்டப்படி மூன்று நாள் பொறுக்கவேண்டும் என்றார்கள். அந்தச் சட்டத்தை எழுதியவர் யாரென்று தெரியாது, அவருக்குக் கோயிலில் ஒரு அர்ச்சனை செய்யலாம்.

திங்கட்கிழமை உன்னுடைய காரில் நானும் வருவேன் என்று அடம்பிடித்தேன். நீ வேண்டாம் என்று சொன்ன விதத்திலேயே போகவேண்டிய வீடு ஒன்று இருக்கிறது என்று விளங்கிவிட்டது. ஊரைத் தாண்டி, பனி உழாத ஒரு தெருவில் திரும்பும்போதுதான் வாய் திறந்தாய். அந்த வீட்டில் காலில் புண்ணோடு படுத்திருக்கிற வயதான நோயாளி, அவருடைய சகோதரி மகன் வந்து தங்கியிருக்கிறான், நோயாளியின் வலிக்குளிசைகள் குறைந்துகொண்டே போயின, நீ டொக்டரிடம் சொல்ல, குளிசையைப் பூட்டுப் பெட்டியில் வைக்கத் தொடங்கினார்கள். அன்றிலிருந்து அவன் உன்னைப் பார்த்து, "நீ எங்க இருக்கிறாய் எண்டு எனக்குத் தெரியும்" என்று சொல்லத் தொடங்கினான்.

"பொலிசுக்குச் சொன்னியோ?"

"சொன்னா வேலையிடத்தில அந்தக் கிழவரைப் பாக்க ஒருத்தரையும் அனுப்பமாட்டாங்கள் அம்மா. புண் அழுகிப்போடும்."

"மரிக்கு?"

கார் வளவுக்குள் திரும்பிவிட்டது.

அந்தச் சகோதரி மகன் கொட்டில் பக்கத்தில் இருந்து வந்தான். மெலிந்தவன், தொப்பி இல்லை, அந்தக் குளிருக்கு ஜக்கெற்றைப் பூட்டாமல் விட்டிருந்தான். பூட்டாத ஜக்கெற்றை நான் முதலில் கண்டேன். காரில் உன் பக்கக் கதவடியில் வந்து நின்று, கண்ணாடியை இறக்கு என்று சைகை காட்டினான். நீ இறக்கினாய். அப்போது உன் வலது கை ஸ்ரேறிங்கை விட்டு மெல்ல இறங்கிப் பொக்கற்றுக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை, உனக்கே தெரியும், இருந்தும் போனது. உன் தோள் இறங்கியதை அவன் கண்டான். உடனே அவனுடைய கையும் ஜக்கெற்றுக்குள் போனது. துணி விலகின இடத்தில் ஒரு துவக்குப் பிடியின் கறுப்பு எனக்குத் தெரிந்தது. நீ அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய், அதைக் காணவில்லை.

"தம்பி, ரெண்டு கையையும் ஸ்ரேறிங்கில வை. மெதுவா" என்றேன். சின்ன வயதில் ஒருபோதும் நீ என் சொல்லை அவ்வளவு உடனே கேட்டதில்லை. நானும் என் கைகளை எடுத்து முன்தட்டில் விரித்து வைத்தேன். அவன் குனிந்து என்னைப் பார்த்தான்.

"யார் இது?" என்று ஆங்கிலத்தில் கேட்டான்.

"என் அம்மா" என்றாய்.

அவன் எங்கள் நான்கு கைகளையும் பார்த்தான். பிறகு ஜக்கெற்றுக்குள் இருந்த கையை வெறுமையாக வெளியே எடுத்து, பனியில் துப்பிவிட்டு, கொட்டில் பக்கம் போனான். நீ உள்ளே போய்ப் புண் கட்டி முடிக்கும்வரைக்கும் நான் அந்தக் கொட்டில் கதவில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. திரும்பி வரும்போது நீ, "கண்டியளோ, இதுக்குத்தான் வாங்கவேணும்" என்றாய். நான், "கண்டனான், இதுக்குத்தான் வாங்கக்கூடாது" என்றேன்.

நாங்கள் இரண்டு பேரும் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. அவனிடம் துவக்கு இருக்கிறது, அவன் கோபக்காரன், உன் பயம் நியாயமானது. அதே நேரம் அன்று உன் பொக்கற்றில் அந்த ரிவோல்வர் இருந்திருந்தால் உன் கை உள்ளே போனதோடு நின்றிருக்காது. காருக்குள் குந்தியிருந்து, இருக்கைப் பட்டி மறிக்க, தடித்த காற்சட்டைக்குள் இருந்து அதை இழுக்க உனக்கு எவ்வளவு நேரம் எடுக்கும் என்று எனக்குத் தெரியும். நின்றபடி பூட்டாத ஜக்கெற்றுக்குள் இருந்து எடுக்க அவனுக்கு எவ்வளவு நேரம் எடுக்கும் என்றும் தெரியும். நான் பக்கத்தில் இருந்து உன்னுடைய சாவைப் பார்த்திருப்பேன். மறைத்து வைத்திருக்கிறதாக நாங்கள் நினைக்கிறோம், கை அதைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. சந்தேகம் கண்ணில் இருக்கும்வரைதான் காவல், அது கைக்கு இறங்கினால் வினை.

இவ்வளவையும் யோசித்து, நேற்று இரவே உனக்கு ஒரு முடிவு வைத்திருந்தேன். மரியைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போ, அவளிடம் எல்லாம் சொல்லு, அவள் ஓம் என்றால் எடு, இல்லை என்றால் மேசையிலேயே விட்டுவிட்டு வா, என்று எழுத நினைத்தேன். ஆனால் நீ அவளிடம் சொல்லமாட்டாய் என்று எனக்குச் சந்தேகம். நீங்கள் இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு, ஒருவரை ஒருவர் பயப்படுத்தக்கூடாது என்று அன்பாகப் பொய் சொல்கிறவர்கள். ஆகவே இன்று காலை, நீ வேலைக்குப் போயிருப்பாய் என்று தெரிந்த நேரம், அவளுக்கு நானே ரெலிபோன் எடுத்தேன். உன்னைக் கேட்காமல் செய்தேன். கோபப்படு, பரவாயில்லை.

என்னுடைய பிரெஞ்சு உனக்குத் தெரியும், வேலைத்தளத்துப் பிரெஞ்சு. சுற்றி வளைக்கத் தெரியாது. "உன் புருஷன் ஒரு ரிவோல்வர் வாங்கப்போகிறான்" என்று மரியிடம் நேரே சொன்னேன். அவள் அழுவாள், கத்துவாள், என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் மிகவும் அமைதியாகக் கேட்டாள்: அது இடதுகைக்காரிக்கும் சரிவருமா?

எனக்கு விளங்கவில்லை. திரும்பக் கேட்டேன். அப்போதுதான் சொன்னாள். லியாவைக் கொண்டுபோய் விடுகிற இடத்துக்கு, நாங்கள் இங்கே கார்தெரி என்கிற அந்தப் பிள்ளைகள் பராமரிப்பு நிலையத்துக்கு எதிரே, ஒரு மனிசன் வந்து நிற்கிறானாம். மெலிந்தவன். குளிரிலும் ஜக்கெற்றைப் பூட்டமாட்டானாம். முதலில் வேறு பிள்ளையின் தகப்பன் என்று நினைத்திருக்கிறாள். பிறகு ஒருநாள் லியாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறான். உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். நீ இப்போதெல்லாம் நித்திரை கொள்வதில்லையாம், வேலையில் ஏதோ பாரம் என்று நினைத்தாளாம், இதையும் உன் தலையில் ஏற்ற மனம் வரவில்லையாம். போன கிழமை அவளும் தனியாக ஒரு துவக்குக் கடைக்குப் போயிருக்கிறாள். லேசானதாக, கைப்பைக்குள் அடங்குகிறதாக ஒன்று இருக்கிறதா என்று கேட்டிருக்கிறாள்.

நான் குசினிக் கதிரையில் இருந்துவிட்டேன், தம்பி. கவச வண்டியில் இருந்து வீதியில் போகிற ஒவ்வொருவனையும் சந்தேகித்தேன். உன் பொக்கற்றைச் சந்தேகித்தேன், உன் காரைச் சோதித்தேன், சிரித்த கடைக்காரரையும் விடவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை என் குசினியில் இடது கையால் கோப்பை கழுவிக்கொண்டு ஜன்னலால் தெருவையே பார்த்துக்கொண்டு நின்ற உன் பெண்சாதியை நான் ஒருதரமும் திரும்பிப் பார்க்கவில்லை.

அவளுக்குச் சொன்ன பதிலையே உனக்கும் சொல்கிறேன். சுடுவதற்கு இடதுகைக்கும் சரிவரும், குண்டு மாற்றுவது வலதுகைக்காரருக்கென்று செய்தது. ஆனால் பிள்ளையின் பெயர் தெரிந்தவனுக்கு ஐந்து குண்டு பதில் இல்லை. இதுவரை அவன் உன்னை மட்டும் மிரட்டுகிறான் என்று நினைத்து நோயாளிக்காகப் பொறுத்தாய். இனி அந்தக் கணக்கு இல்லை. நான் கண்ட பிடியைப் பற்றி நான் பொலிசில் வாக்குமூலம் தருவேன், மரி கண்டதை அவள் சொல்வாள், உனக்குச் சொன்னதை நீ சொல்வாய். மூன்றும் ஒன்றாகப் போகவேண்டும். நோயாளியை ஆஸ்பத்திரிக்கு மாற்றச் சொல்லி உன் வேலையிடத்தில் கேள், அவர்கள் மறுத்தால் நான் வந்து கேட்கிறேன்.

மரி இன்று பிள்ளையை அங்கே விடவில்லை. காரில் ஏற்றிக்கொண்டு இங்கே வந்துகொண்டிருக்கிறாள். எல்லை தாண்டிவிட்டதாக இப்போதுதான் செய்தி அனுப்பினாள். கீழறையில் கட்டில் விரித்திருக்கிறேன். நீ இதை வாசிக்கும்போது வீடு வெறுமையாக இருக்கும், பயந்துவிடாதே. கடைக்காரருக்கு ஒரு கிழமை பொறுக்கச் சொல்லு, நல்ல மனிசர், பொறுப்பார். உனக்கு இரண்டு மணித்தியால ஓட்டம். வந்து அவளுக்குப் பக்கத்தில் இருந்து, நீ கண்டதை நீ சொல்லு, அவள் கண்டதை அவள் சொல்லட்டும். நான் லியாவைக் கூட்டிக்கொண்டு பூங்காவுக்குப் போய்விடுவேன். நீங்கள் இரண்டு பேரும் முழுக்கக் கதைத்து முடிந்தபிறகு, அந்த ரிவோல்வர் வேண்டுமா என்று என்னைக் கேளுங்கள். அதுவரைக்கும் என்னிடம் பதில் இல்லை.

பனி கொட்டுகிறது, மெதுவாக ஓட்டி வா.

அம்மா